மார் கால்வாய்க்குப் போகும் வழி

டில்லி கிட்வாய் நகரிலிருந்து ஸ்ரீநகருக்குப் புறப்படுகிற தமிழ்க் குடும்பம் எதுவானாலும், ரயில் டிக்கெட் எடுத்த மறுநாள் ராஜலக்ஷ்மியின் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நிற்கும். அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து உட்காருவாள். கேட்க வருகிறவர்கள் பென்சிலும் காகிதமும் கொண்டுவந்துவிட வேண்டும். எதையும் இரண்டாம் முறை சொல்கிற வழக்கம் அவளுக்கு இல்லை.

"படகு வீட்டுல தங்கறதா இருந்தா, வாடகை பேசறதுக்கு முன்னாடி சமையல்கட்டைப் பாருங்கோ. நமக்குன்னு தனிப் பாத்திரம் கேளுங்கோ, குடுப்பான். ஷிகாராப் படகுல ஏறறச்சே நடுவுல உட்காருங்கோ, ஓரத்துல உட்கார்ந்தா புடவை நனையும். சங்கராச்சாரியார் மலைக்குக் கார்த்தால ஆறு மணிக்கே ஏறிடணும், வெய்யில் வந்தா மூச்சு வாங்கும். குங்குமப்பூவை ஒரு இழை தண்ணியில போட்டுப் பாருங்கோ. உடனே செவந்துடுத்துன்னா அது சாயம். ஷால்காரன் சொல்ற விலையில பாதி கேளுங்கோ. அவன் கோச்சுக்காம சிரிச்சான்னா, அதுலயும் பாதி கேளுங்கோ."

கேட்டவர்கள் போய்வந்து, அவள் சொன்னது ஒன்றுகூடப் பிசகவில்லை என்று வால்நட் பொட்டலத்தோடு வந்து நிற்பார்கள். வாங்கி டப்பாவில் போட்டுக்கொள்வாள். அவள் அதுவரை ஸ்ரீநகருக்குப் போனதே இல்லை என்பது அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் அவள் எதிரில் அதைச் சொல்ல மாட்டார்கள். ஒருமுறை சொன்ன ஒரு மாமி அதற்கப்புறம் அந்த வாசற்படி ஏறவில்லை.

அரசாங்கக் காகிதத்தில் மட்டும் அவள் 1972-ஆம் வருஷமே போய்வந்துவிட்டாள். அந்தக் கதையைச் சொல்கிறேன்.

அவள் கணவன் ராஜாராமனுக்கு லோதி ரோடில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் வேலை. சைக்கிளில் போய் சைக்கிளில் வருகிற, யாரிடமும் குரலை உயர்த்தாத, யாருக்கும் இல்லையென்று சொல்லத் தெரியாத மனிதர். மனைவி ஒருத்தியைத் தவிர என்று சேர்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு அறை குவார்ட்டர்ஸ். குழந்தை இல்லாத வீடு என்பதால் அங்கே நிறைய இடம் இருக்கிறது என்று மாயவரத்திலிருந்து மாம்பலம் வரைக்கும் உள்ள உறவு முழுதும் முடிவுகட்டியிருந்தது. டில்லி பார்க்க, ஆக்ரா பார்க்க, ஹரித்வாரில் முழுக, பிள்ளைக்கு இன்டர்வியூ என்று வருஷம் பூராவும் யாராவது வந்திறங்கிக்கொண்டே இருப்பார்கள். வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு ராஜாராமன் செங்கோட்டைக்குப் போவார். ராஜலக்ஷ்மி திரும்பி வருகிறவர்களுக்கு ரசம் வைத்துக்கொண்டிருப்பாள்.

கீழ் வீட்டில் மிஸஸ் கௌல் இருந்தாள். பள்ளிக்கூட ஆசிரியை, பிறந்தது ஸ்ரீநகர். குளிர்காலத்தில் பகல் பதினோரு மணிக்கு மேல் காலனிப் பெண்களெல்லாம் புல்தரையில் வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டு கம்பளி பின்னுவார்கள். ஸ்வெட்டர் என்றால் கடையில் தொங்குவது என்று நினைத்திருந்த ராஜலக்ஷ்மிக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவள் மிஸஸ் கௌல்தான். பின்னிக்கொண்டே தன் ஊரைப் பற்றிப் பேசுவாள். ஏரியைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். அவள் பேசியது பழைய நகரத்துக்குள் ஓடுகிற மார் கால்வாயைப் பற்றி.

இரண்டு பக்கமும் மரத்தாலும் செங்கல்லாலும் கட்டிய வீடுகள். வீட்டுப் படிக்கட்டு நேராகத் தண்ணீரில் இறங்கும். காய்கறிக்காரன் படகில் வருவான், பால்காரன் படகில் வருவான். கல்யாணப் பெண்கூடப் படகில்தான் போவாள். பாலங்கள் தாழ்வாக இருக்கும். அடியில் போகும்போது தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். ராஜா காலத்தில் வெட்டிய கால்வாய், ஐந்நூறு வருஷத்துக்குக் குறையாது. "மூணாவது பாலம் தாண்டினா இடது பக்கம் பச்சை ஜன்னல் வெச்ச வீடு, ராஜ்ஜி. அது எங்க வீடு" என்று அவள் இந்தியில் சொல்வாள். ராஜலக்ஷ்மி அன்று இரவே அதைத் தமிழில் ஒரு நீலநிற நோட்டில் எழுதிவைப்பாள். எந்தப் படித்துறையில் படகு ஏற வேண்டும், எத்தனை மணிக்கு, படகுக்காரனிடம் என்ன கேட்க வேண்டும், எங்கே தலையைக் குனிய வேண்டும் எல்லாம் அதில் இருந்தன. இரண்டு வருஷத்தில் நோட்டு நிரம்பிவிட்டது.

சும்மா எழுதிவைக்கவில்லை. எல்.டி.சி. என்று ஒன்று உண்டே; நாலு வருஷத்துக்கு ஒரு தடவை மத்திய அரசு ஊழியர் குடும்பத்தோடு இந்தியாவில் எந்த மூலைக்கும் போய்வர அரசாங்கம் ரயில் செலவு தரும். ஸ்ரீநகர் என்று அவள் சொன்னாள். சரி என்று ராஜாராமன் சொன்னார். 1972 மே மாதம் என்று தீர்மானமாயிற்று. சரோஜினி நகர் மார்க்கெட்டில் ஊதாநிறக் கம்பளி வாங்கினாள். அந்தக் குளிர்காலம் முழுதும் தனக்கென்று ஒரு ஸ்வெட்டர் பின்னினாள். மார்பில் மேலும் கீழுமாகத் தண்ணீர் அலை போல ஒரு பின்னல். அது புத்தகத்தில் இல்லாத டிசைன், அவளாக யோசித்தது. கால்வாயில் போகும்போது போட்டுக்கொள்ள.

புறப்பட மூன்று நாள் இருக்கும்போது ராஜாராமனின் தங்கை ஜலஜா மெட்ராஸிலிருந்து வந்து இறங்கினாள். கூடவே அவள் புருஷன் வெங்கடேஸ்வரன். அவருக்கு டில்லியில் பத்து நாள் ஆபீஸ் வேலை. கடிதம் போட்டிருந்தாளாம், கடிதம் வரவில்லை. வந்த இரண்டாம் நாள் மேஜை மேல் இருந்த டிக்கெட்டைப் பார்த்துவிட்டு ஜலஜா ஒரு பெருமூச்சு விட்டாள்.

"கொடுத்து வெச்சவா. நானெல்லாம் காஷ்மீர காலண்டர்லதான் பாக்கணும்."

அந்தப் பெருமூச்சுக்கு ராஜாராமன் இரண்டு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. சமையலறைக்கு வந்து, தாளிக்கிற சத்தத்துக்கு நடுவே சொன்னார். "ராஜி, நாம டில்லியிலயே இருக்கோம். எப்ப வேணா போகலாம். அவ இவ்வளவு தூரம் வந்திருக்கா. அதோட மாப்பிள்ளைக்கு ஒருத்தர் சமைச்சுப் போடணுமே."

"அவர் பொண்டாட்டி சமைக்கட்டுமே."

"அவதானே போறா."

ராஜலக்ஷ்மி அடுப்பை அணைத்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அது ஒன்பது வருஷம் ஆறவில்லை.

அந்தக் காலத்தில் ரயிலில் பெயரை யார் பார்த்தார்கள்? ராஜலக்ஷ்மி, வயது இருபத்தொன்பது என்ற டிக்கெட்டில் ஜலஜா ஏறினாள். குளிருமே என்று ராஜாராமன் பெட்டியைத் திறந்து ஊதா ஸ்வெட்டரை எடுத்துத் தங்கையிடம் கொடுத்தார். வழிக்கு உதவும் என்று நீல நோட்டையும் எடுத்துக்கொண்டார். அண்ணனும் தங்கையும் பட்டான்கோட் வரை ரயிலிலும் அதற்கப்புறம் பஸ்ஸிலுமாக ஸ்ரீநகர் போய்ச் சேர்ந்தார்கள். ராஜலக்ஷ்மி பத்து நாளும் மாப்பிள்ளைக்குக் காலையில் இட்லி, ராத்திரி சப்பாத்தி என்று செய்துபோட்டாள். "மன்னி, சட்னில காரம் ஒரு பிடி தூக்கல்" என்று அவர் ஒரு நாள் சொன்னார். மறுநாள் அவள் இன்னும் இரண்டு மிளகாய் சேர்த்து அரைத்தாள்.

திரும்பி வந்தபோது நோட்டின் பின்னட்டையில் ஜலஜா கையெழுத்தில் வாங்க வேண்டிய ஷால்களின் பட்டியல் இருந்தது. ஸ்வெட்டர் திரும்பவில்லை, போட்டுக்கொண்டே மெட்ராஸ் ரயில் ஏறிவிட்டாள். நான்கு மாதம் கழித்து ஒரு பெண்கள் பத்திரிகை தபாலில் வந்தது. நடுப்பக்கத்தில் 'ஸ்ரீநகர் போகிறவர்களுக்குச் சில யோசனைகள்', எழுதியவர் திருமதி ஜலஜா வெங்கடேஸ்வரன். கூடவே ஒரு போட்டோ. ஷிகாராவில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். மார்பில் அலை அலையாகப் பின்னல்.

ராஜலக்ஷ்மி நின்றபடியே படித்தாள். குங்குமப்பூவைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பது இருந்தது. ஷால்காரன் சிரிப்பது இருந்தது. மார் கால்வாய் ஒரு பக்கம் முழுக்க இருந்தது. படித்துறை, தாழ்ந்த பாலம், தலையைக் குனிவது எல்லாம் அவள் எழுதிய வாக்கியங்கள், அவள் வைத்த கமா வைத்த இடத்திலேயே. ஒரே ஒரு வாக்கியம் மட்டும் நோட்டில் இல்லாதது. 'மூன்றாவது பாலம் தாண்டியதும் பச்சை ஜன்னலிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்து என்னைப் பார்த்துச் சிரித்தாள்.'

மற்றதையெல்லாம் திருட்டு என்று தள்ளிவிடலாம். இந்த ஒரு வாக்கியத்தை அவளால் தாங்க முடியவில்லை. இது நடந்திருந்தால்தானே எழுத முடியும்? தனக்குக் கிடைக்க வேண்டிய சிரிப்பு அது. தன் டிக்கெட்டில் போய், தன் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, தன் நோட்டில் வழி பார்த்து, தனக்கு வைத்திருந்த சிரிப்பையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். பாத்திரம் தேய்க்கும்போது அந்தப் பச்சை ஜன்னல் தெரியும். பின்னும்போது தெரியும். கால்வாயைப் பற்றிக் கணவனிடம் அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் அவர் வர்ணிப்பார். அதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

அடுத்த எல்.டி.சி. ஜலஜா வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போய்த் தீர்ந்தது. அதற்குள் ராஜலக்ஷ்மி இரண்டாவது நோட்டு தொடங்கியிருந்தாள். போய்வருகிறவர்களிடமெல்லாம் துருவித் துருவிக் கேட்டு எழுதினாள். தானே போய்வந்தவளைப் போலச் சொல்ல ஆரம்பித்தாள். காலனியில் அவளுக்கு ஒரு பெயர் வந்ததும் இப்படித்தான்.

1979-இல் மிஸஸ் கௌல் ஓய்வு பெற்று சண்டிகரில் மகனிடம் போகுமுன் ஒரு சாவுக்காக ஸ்ரீநகர் போனாள். பல வருஷங்களுக்குப் பிறகு போனது அதுதான். திரும்பி வந்து ராஜலக்ஷ்மியின் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"மூடிட்டாங்க, ராஜ்ஜி. மண்ணைக் கொட்டி, மேல தார் போட்டு, ரோடு ஆக்கிட்டாங்க. எங்க வீட்டுப் படிக்கட்டு இருந்த இடத்துல பஸ் நிக்குது."

ராஜலக்ஷ்மி அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். யோசனை கேட்க வந்த யாருக்கும் அவள் கால்வாயைப் பற்றி முன்பும் சொன்னதில்லை, போய்வந்தவர்களிடம் அதைப் பற்றிக் கேட்டதும் இல்லை. அன்றிலிருந்து யாராவது கேட்டால், இப்போது இல்லை என்று சொல்லிவிடுவாள். ஒருத்திக்கு மட்டும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய வேளை வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தாள்.

வேளை 1981 மார்ச்சில் ஒரு இன்லண்டு கடிதத்தில் வந்தது. 'மன்னிக்கு அநேக நமஸ்காரம். எங்கள் மாதர் சங்கத்திலிருந்து பதினோரு பேர் என் தலைமையில் மே மாதம் ஸ்ரீநகர் வருகிறோம். என் கட்டுரையைப் படித்ததிலிருந்து எல்லோருக்கும் மார் கால்வாயில் படகில் போக வேண்டுமென்று ஒரே ஆசை. நான் இருக்கிறேன், அழைத்துப் போகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். போகும்போது உங்கள் ஆத்தில் இரண்டு நாள் தங்குவோம். புதிதாக ஏதாவது யோசனை இருந்தால் எழுதவும். ரயிலுக்கு உங்கள் கைப் புளியோதரை வேண்டும்.'

ராஜலக்ஷ்மி கடிதத்தை மூன்று தடவை படித்தாள். பிறகு, பல வருஷங்களாக யாரும் அவளிடம் பார்த்திராத ஒரு சந்தோஷத்தோடு நாலு பக்கம் பதில் எழுதினாள். பஸ் எங்கே நிற்கும், எந்த ஹோட்டலில் வெங்காயம் இல்லாமல் சமைத்துத் தருவான், எந்தத் தோட்டத்தில் எப்போது கூட்டம் குறைவு என்று எழுதியதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கடைசியில் இப்படி முடித்தாள்: 'மார் கால்வாயைப் பற்றி நான் என்ன சொல்ல இருக்கிறது? நேரில் பார்த்தவள் நீ. உன் கட்டுரையில் இருக்கிறபடியே போனால் போதும்.'

அன்று சாயங்காலம் ராஜாராமன் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்ததும் சொன்னாள். "இந்த மே மாசம் எல்.டி.சி. எழுதிக் குடுங்கோ. ஸ்ரீநகர்."

"ஜலஜா வரப்போ... அவளோடயா?"

"அவளோடதான்."

அவர் முகத்தில் ஏதோ ஓடி மறைந்தது. "கூட்டமா இருக்கும் ராஜி. நாம தனியா அக்டோபர்ல..." என்று ஆரம்பித்தார். அவள் பார்த்த பார்வையில் மிச்சத்தை விழுங்கிவிட்டார். பயப்படுகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. எதற்கு என்று தெரியவில்லை.

மாதர் சங்கம் வந்தது. இரண்டு அறையிலும் வராந்தாவிலும் பன்னிரண்டு பேர் படுத்தார்கள். மன்னியும் கூட வருகிறாள் என்றதும் ஜலஜாவுக்குப் பூரிப்பு. "அப்ப சாப்பாட்டுக் கவலையே இல்லை" என்று எல்லோரிடமும் சொன்னாள். ராஜலக்ஷ்மி தோசை வார்த்துப் போட்டுக்கொண்டே இருந்தாள். ஜலஜா சாப்பிட்டுக்கொண்டே கால்வாயைப் பற்றிச் சொற்பொழிவு செய்தாள். சங்கத் தலைவி பூங்கோதை டீச்சர், ரிட்டயர் ஆன தலைமையாசிரியை, பத்திரிகைக் கட்டுரையைக் கத்தரித்துக் கைப்பையில் வைத்திருந்தாள். சந்தேகம் வரும்போதெல்லாம் அதை எடுத்துக் கேள்வி கேட்டாள். ராஜலக்ஷ்மிக்கு அந்த அம்மாளை ரொம்பப் பிடித்துப்போயிற்று. இன்னும் ஒரு தோசை வைத்தாள்.

புறப்படுகிற அன்று ஜலஜா பெட்டியிலிருந்து ஊதா ஸ்வெட்டரை எடுத்துக் காட்டினாள். "பாத்தேளா மன்னி, எவ்வளவு பத்திரமா வெச்சிருக்கேன்!" முழங்கை இரண்டும் இழுபட்டுத் தொங்கின. கழுத்துப் பித்தான் ஒன்று இல்லை.

"நன்னா வெச்சிருக்கே" என்றாள் ராஜலக்ஷ்மி.

ஜம்முவரை ரயில், பிறகு ஒரு முழுப் பகல் பஸ். ஸ்ரீநகரில் இறங்கிய மறுநாள் காலை லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. நாலு டோங்கா பிடித்தார்கள். முதல் வண்டியில் ஜலஜா ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு முன்னால் உட்கார்ந்தாள். "மார் நாலா" என்று கால்வாயின் இந்திப் பெயரை வண்டிக்காரனிடம் சொன்னாள். அவன் தலையாட்டிவிட்டு ஓட்டினான். கடைசி வண்டியில் ராஜலக்ஷ்மி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ராஜாராமன் மழைக்கோட்டுப் பித்தானைத் திருகிக்கொண்டே வந்தார்.

வண்டிகள் ஒரு அகலமான ரோட்டில் நின்றன. ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போனது.

"எறங்குங்க மேடம், வந்துடுச்சு" என்று இந்தியில் சொன்னான் வண்டிக்காரன்.

"நாலா! தண்ணி! போட்!" என்று ஜலஜா துடுப்புப் போடுவதுபோல் காட்டினாள். வண்டிக்காரன் புரியாமல் பார்த்தான். ரொட்டிக் கடைக்காரர் ஒருவர் வெளியே வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, காலால் தார் ரோட்டை இரண்டு முறை தட்டினார். இதுதான் நாலா. மூடி எத்தனையோ வருஷம் ஆகிறது. நீங்கள் அதன் மேல்தான் நிற்கிறீர்கள்.

இந்தி தெரிந்த ஒருத்தி மற்றவர்களுக்கு அதைச் சொன்னாள். பதினோரு பேரும் ரோட்டைப் பார்த்தார்கள். பிறகு ஜலஜாவைப் பார்த்தார்கள். அவள் முகம் சிவந்தது, வெளுத்தது. ராஜலக்ஷ்மி ஒன்றையும் தவறவிடாமல் பார்த்தாள். ஒன்பது வருஷமாகக் காத்திருந்தது இதற்குத்தான். இனித்தது. பொய் சொல்வானேன், தொண்டைக்குழி வரை இனித்தது.

"நான் வந்தப்ப இருந்துது" என்றாள் ஜலஜா. "இதே இடந்தான். இங்கதான் படகுல ஏறினோம்."

பூங்கோதை டீச்சர் கைப்பையைத் திறந்தாள். "தண்ணி போகலாம்மா, வீடெல்லாம் நிக்குதில்ல? மூணாவது பாலம், பச்சை ஜன்னல்னு எழுதியிருக்கியே. அது எந்தப் பக்கம்? அதையாவது காட்டு."

ஜலஜா வலது பக்கம் கையைக் காட்டினாள்.

இடது பக்கம். மிஸஸ் கௌல் நூறு தடவை சொன்ன இடது பக்கம். நோட்டில் எந்தப் பக்கம் என்று எழுத ராஜலக்ஷ்மி மறந்திருந்தாள். அதனால் ஜலஜாவுக்குத் தெரியவில்லை. படகிலிருந்து நிமிர்ந்து பார்த்தவளுக்கு, தன்னைப் பார்த்து ஒருத்தி சிரித்ததைக் கண்டவளுக்கு, பக்கம் மறக்குமா? ராஜலக்ஷ்மியின் வாயில் இருந்த இனிப்பு சட்டென்று நின்றது. அவள் கணவன் பக்கம் திரும்பினாள்.

"ஏன்னா, நீங்களும் கூடப் போனேளே. எந்தப் பக்கம்?"

ராஜாராமன் தங்கையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். பதின்மூன்று பெண்கள் நடுவே மழையில் நின்றார்.

"சொல்லுங்கோ."

"நாங்க இங்க வரவே இல்லை, ராஜி."

"அண்ணா!" என்றாள் ஜலஜா.

"வரலை. மொத நாள் மழை. ரெண்டாம் நாள்லேர்ந்து ஷால் கடை. அவளுக்கு கால் வலி. படகுல போட்டோ எடுத்துண்டது ஏரிக்கரையில, கயித்தைக்கூட அவுக்கலை. நான் ஒரு நாள் கேட்டேன், மன்னி இவ்வளவு எழுதிக் குடுத்திருக்காளே, ஒரு நடை போயிட்டு வரலாமேன்னு. சாக்கடையை என்ன பாக்கறதுன்னு சொல்லிட்டா."

பூங்கோதை டீச்சர் கட்டுரையை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"ஒம்பது வருஷமா ஏன் எங்கிட்ட சொல்லலை?" என்று ராஜலக்ஷ்மி கேட்டாள். குரல் அவளுக்கே கேட்காத அளவுக்குத் தாழ்ந்திருந்தது.

"நீ கேக்கவே இல்லையே."

அந்த வாக்கியத்தைவிட அவளுக்கு எதுவும் அப்போது வலிக்கவில்லை. பறித்துக்கொண்டு போனதை அனுபவித்திருந்தால் பறித்ததற்காவது ஒரு அர்த்தம் இருந்திருக்கும். பார்க்கவே இல்லையாம். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தபோது, வீட்டுப் படிகள் நனைந்துகொண்டிருந்தபோது, அரை மைல் தள்ளி உட்கார்ந்து ஷாலுக்குப் பேரம் பேசியிருக்கிறார்கள். இவள் ஒன்பது வருஷம் யாரும் சிரிக்காத ஒரு சிரிப்பை நினைத்து எரிந்திருக்கிறாள். இப்போது அந்தக் கால்வாயை யாராலும் பார்க்க முடியாது. ஜலஜாவாலும் முடியாது, அவளாலும் முடியாது.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மன்னி, மூடிட்டான்னு?" ஜலஜா அழத் தொடங்கியிருந்தாள். "தெரிஞ்சுண்டேதான் என்னை இப்படி எல்லார் முன்னாலயும்..."

"தெரியும்" என்றாள் ராஜலக்ஷ்மி. "ரெண்டு வருஷமா தெரியும். ஸ்வெட்டரைக் கழட்டு."

"என்ன?"

"என் ஸ்வெட்டர். கழட்டு."

ஜலஜா சுற்றிப் பார்த்தாள். யாரும் அவளுக்காக வாயைத் திறக்கவில்லை. மீதியிருந்த பித்தான்களை அவிழ்த்து, கைகளை உருவி, கழற்றிக் கொடுத்தாள். பூங்கோதை டீச்சர் தன் சால்வையை எடுத்து அவள் தோளில் போட்டாள். மழை தூறுகிறதே என்பதற்காக, வேறு காரணத்துக்காக இல்லை.

மீதி நாலு நாள் ராஜலக்ஷ்மி யாருக்கும் ஒரு டம்ளர் காப்பிகூடக் கலக்கவில்லை. வெங்காயம் போடாத ஹோட்டலின் பெயர்தான் கடிதத்திலேயே இருந்ததே. ஒரு காலையில் யாரிடமும் சொல்லாமல் வாய்க்கால்கள் இன்னும் மூடப்படாத ரெய்னாவாரிப் பக்கம் போய்ச் சின்னப் படகு ஒன்றை அமர்த்திக்கொண்டு வீடுகளுக்கு நடுவே ஒரு மணி நேரம் தண்ணீரில் சுற்றினாள். நடுவில் உட்கார்ந்தாள். பாலத்தடியில் தலையைக் குனிந்துகொண்டாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவள் எழுதிவைத்த கால்வாய் அது இல்லை. எந்த ஜன்னலிலும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

திரும்புகிற அன்று விடியற்காலையில் பஸ் புறப்பட்டது. ஜலஜா கடைசி வரிசையில் சன்னலோரம் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ராஜலக்ஷ்மி முன்னால் ஒரு சீட்டில் கணவனோடு உட்கார்ந்தாள். ஊர் எல்லை தாண்டியதும் பையிலிருந்து ஸ்வெட்டரை எடுத்தாள். சின்னக் கத்தரிக்கோலால் கழுத்தில் ஒரு முடிச்சை வெட்டி நூலின் முனையைக் கண்டுபிடித்தாள்.

"கையை நீட்டுங்கோ."

"என்ன ராஜி?"

"ரெண்டு கையையும். சிக்கு விழாம சுத்தணும்."

ராஜாராமன் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினார். அவள் நூலை இழுத்தாள். கழுத்து கரைந்தது. தோள் கரைந்தது. மார்பில் இருந்த அலைகள் ஒவ்வொரு வரிசையாக அவிழ்ந்து அவர் மணிக்கட்டுகளைச் சுற்றிக்கொண்டன. ஊதா நூல் நேராக வராமல் ஒன்பது வருஷ வளைவோடு சுருண்டு சுருண்டு வந்தது. பஸ் வளைவுகளில் சாய்ந்தபோது அவரால் கம்பியைப் பிடிக்க முடியவில்லை. மூக்கில் அரித்தபோது சொறிய முடியவில்லை.

"கொஞ்சம் கையைக் கீழ போடட்டுமா?" என்று ஒரு மணி நேரம் கழித்துக் கேட்டார்.

"வேண்டாம்" என்றாள்.

பின்னால் மாதர் சங்கம் முழுதும் இதைப் பார்த்துக்கொண்டே வந்தது. ஒருத்தியும் சிரிக்கவில்லை. டில்லியிலிருந்து அடுத்த வாரம் ஒரு குடும்பம் ஸ்ரீநகர் போகிறது, வந்து கேட்பார்கள். அவர்களுக்கு இனி என்ன சொல்வது என்று ராஜலக்ஷ்மி யோசித்தாள். முதலில் ஒன்று சொல்ல வேண்டும்: டிக்கெட்டை மேஜை மேல் வைக்காதீர்கள். அப்புறம்தான் குங்குமப்பூ.

பனிஹால் சுரங்கப் பாதைக்குள் பஸ் நுழைந்து இருட்டியது. அவள் கை நிற்காமல் இழுத்துக்கொண்டே இருந்தது. வெளிச்சத்துக்கு வந்தபோது ஸ்வெட்டரில் ஒரு கை மட்டும்தான் மிச்சமிருந்தது.